பராமரிப்போருக்கும் ஊதியம் வேண்டும்

புதிதாக ஒன்றைத் தொடக்கி வைப்பவருக்கு மாலை சூட்டிவிட்டு, அதனை நாள்தோறும் கேடுறாமல் காத்து வருபவரை மறந்துவிடுவது நம் நாட்டுப் பொதுவாழ்வின் பழைய வழக்கம். அவ்வழக்கம் கணினித் துறையிலும் வேரூன்றினால் விளைவு எத்தகையதாகும் என்பதை அறிய விரும்புவோர், 2010 ஆம் ஆண்டில் ஜென்டூ லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் பாவனையாளருக்கு நேர்ந்த இடரைச் சற்று நிதானமாக ஆராய்தல் தகும்.

பிஎன்ஜி வடிவிலான படங்களைப் படிப்பதற்கும் எழுதுவதற்கும் வேண்டிய நிரல்களை ஒருங்கே கொண்டு, எண்ணற்ற மென்பொருள்களுக்குப் பொதுவாக உதவும் நிரலகம் 'லிப்-பிஎன்ஜி' என்பது. ஜென்டூவைப் பாவிப்போர் பெரும்பாலும் மூலநிரலைத் தம் கணினியிலேயே தொகுத்துக்கொள்வர். அவ்வாண்டில் அந்நிரலகத்தின் 1.2 ஆம் பதிப்பு விலகி 1.4 ஆம் பதிப்பு வந்தபோது, பழையதனோடு கூட இருந்த, '.எல்ஏ' என முடியும் பெயருடைய சிறு உரைக்கோப்பொன்றும் விலகியது. அக்கோப்புக்குப் படம் தீட்டும் ஆற்றல் ஏதுமில்லை. நிரலகம் எங்கே இருக்கிறது, அது வேறு எவற்றைச் சார்ந்து நிற்கிறது என்று தொகுப்புக் கருவிக்கு அறிவிக்கும் சில வரிகளே அதில் இருந்தன. ஆயினும், திரையில் யன்னல்களையும் பொத்தான்களையும் வரையும் ஜிடிகே முதலிய நிரலகங்கள் தத்தம் கோப்புகளில் அதன் பெயரைப் பதிந்து வைத்திருந்தமையாலும், அப்பதிவு நேர் உறவோடு நில்லாது உறவின் உறவையும் தழுவியிருந்தமையாலும், பிஎன்ஜி படங்களோடு யாதொரு நேர்ச் சம்பந்தமும் இல்லாத மென்பொருள்களுங்கூடக் கோப்பைக் காணவில்லை என்று கூறித் தொகுப்பை நடுவழியில் நிறுத்தின. பாதிப்புற்றவற்றையெல்லாம் மீளத் தொகுத்த பின்னரே நிலைமை சீரடைந்தது. காலக்கிரமத்தில் டெபியன் என்னும் மற்றொரு லினக்ஸ் இயங்குதளமும் ஜென்டூவும் இத்தகைய கோப்புகளுட் பெரும்பாலானவற்றைத் தம் பொதிகளிலிருந்து நீக்கிவிட்டன.

இஃது எங்கோ சிலருடைய சங்கதி என்று தள்ளிவிடுவதற்கில்லை. 'கொ' என்னும் எழுத்தில் ககரத்தின் இருமருங்கிலும் குறிகள் முறைப்படி அமைய வேண்டுமாயின், அதற்கென ஒரு நிரலகம் திரைக்குப் பின்னால் உழைத்தாக வேண்டும். அன்ட்ரொய்ட் கைபேசியிலும் பயர்பொக்ஸ் உலாவியிலும் அப்பணியைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற நிரலகமே. இத்தகைய அடித்தளங்களுட் சிலவற்றுக்குப் பெரு நிறுவனங்களின் ஆதரவு உண்டு. வேறு பலவோ ஓரிருவரின் ஓய்வுநேர உழைப்பில் தங்கியிருக்கின்றன. அவ்வாறு தங்கியிருப்பதன் ஆபத்தை 2024 மார்ச்சில் உலகம் கண்டது. எக்ஸ்இசட் என்னும் தரவுச் சுருக்க மென்பொருளை ஊதியமின்றிக் காத்துவந்தவர் சோர்வுற்றிருந்த வேளையில், உதவுபவர்போல வந்து ஈராண்டுக்கு மேலாக நம்பிக்கையை ஈட்டிய ஒருவர் அதனுள் இரகசிய வாயிலொன்றைப் பதித்துவிட்டார். தொலைவழி நுழைவு அரை விநாடியளவு தாமதிப்பதைக் கவனித்த அன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியியலாளரின் கூர்மையே உலகைக் காத்தது.

நம் நாட்டில் ஆற்றலுக்குப் பஞ்சமில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை கரையை அழித்தபோது, காணாமற்போனோரையும் நிவாரண முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கைத் தன்னார்வலர் சில வாரங்களுக்குள் ஆக்கிய 'சஹானா' என்னும் கட்டற்ற மென்பொருள், மறு ஆண்டு பாகிஸ்தானின் பூகம்பத்திலும் 2010 இல் ஹெய்ட்டியின் பூகம்பத்திலும் பயன்பட்டது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள், கூகிள் நிறுவனத்தின் கோடைக்காலக் கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் உலகப் பல்கலைக்கழகங்களுள் முதன்மை பெற்றதும் உண்டு. ஆயினும் அம்மாணவர் பட்டம் பெற்றபின் இத்தகைய மென்பொருள்களைப் பேணும் வேலைக்கெனச் சம்பளம் தரும் பதவி நம் அரசாங்க சேவையில் எங்கே இருக்கிறது?

விலை கொடுத்து வாங்கிய மென்பொருளுக்கு இத்தொல்லை இல்லை என்பாரும் உளர். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சற் சேவை கப்பம் கோரும் நச்சுநிரலுக்கு இரையாகி, சுமார் 5,000 முகவரிகள் பாதிப்புற்று, மூன்று மாத காலக் கடிதங்கள் மீளாமற் போயினவே. அங்கே இயங்கியது விலை கொடுத்து வாங்கிய மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. நிதியின்மை முதலிய காரணங்களால் அதனைப் புதுப்பிக்கும் காரியம் ஒத்திவைக்கப்பட்டிருந்தது. ஆகவே, குற்றம் மென்பொருளின் விலையிலன்று, பராமரிப்பைப் பற்றிய நம் அசிரத்தையில்தான் இருக்கிறது.

செய்யத்தக்கவை அசாத்தியமானவையல்ல. மென்பொருள் சம்பந்தமான ஒவ்வொரு கேள்விப்பத்திரத்திலும், வாங்கும் தொகையோடு ஆண்டுதோறும் பேணும் தொகையையும் ஒரு பங்காகக் குறிப்பிடுமாறு திறைசேரி விதி செய்யலாம். புதிய செயலி ஒன்றை ஆக்குவதற்கு அளிக்கும் அதே புள்ளிகளை, பழைய நிரலகமொன்றின் பழுதைக் களைவதற்கும் பல்கலைக்கழகங்கள் அளிக்கலாம். தமிழும் சிங்களமும் திரையில் பிழையின்றித் தோன்றக் காரணமான நிரலகங்களைக் கண்காணித்துத் திருத்தங்களை அனுப்பும் பொறியியலாளர் சிலரை அரசாங்கமே நிரந்தரமாக நியமிக்கலாம். வரப்போகும் வரவு செலவுத்திட்டத்திலேனும் இதற்கு ஒரு வரி இடம் ஒதுக்குமாறு நம் பிரதிநிதிகளை வாசகர்கள் வற்புறுத்த வேண்டும்.