பானை வைத்தால் வழக்கு, கடை வைத்தால் ஸ்டார்ட்-அப்

பெங்களூரில் மென்பொருள் வேலையை விட்டுவிட்டுத் தொழில் தொடங்கப் போகிறார் நண்பர் ஒருவர். வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்களுக்கான பொருள்களை விற்கும் கடை. பார்லி மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட், மூடி போட்ட 30 லிட்டர் வாளி, சர்க்கரை அளவு பார்க்கும் ஹைட்ரோமீட்டர். முதலீடு கேட்டு அவர் அனுப்பிய கோப்பில் 'கைவினை', 'மரபு' என்ற சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. 'போலீஸ்' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

அதுதான் உறுத்தியது. கர்நாடகத்திலும் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம்தான். "மால்ட்டும் ஈஸ்ட்டும் விற்பது குற்றமில்லையே, வாங்கியவர் என்ன செய்தால் எனக்கென்ன?" என்கிறார். நல்ல வாதம். இதையே எங்கள் ஊர்ப் பக்கம் வெல்லமும் வேலம்பட்டையும் பானையுமாகப் பிடிபட்ட ஒரு பெண் சொல்லிப் பார்க்கட்டும்.

தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937ஆம் ஆண்டினது. மது தயாரிப்பது மட்டுமல்ல, தயாரிப்பதற்கென்று மூலப்பொருளும் பாத்திரமும் கருவியும் வைத்திருப்பதே அதில் குற்றம். கள் இறக்கும் கருவிக்கும் அப்படியே. எதற்காக வைத்திருந்தாள் என்பதை முதலில் முடிவு செய்வது யார்? சோதனைக்கு வரும் காவலர். அவர் எந்தத் தெருவுக்குள் நுழைவார் என்பதைச் சாதி முடிவு செய்கிறது. அடுக்ககத்தின் பன்னிரண்டாவது மாடியில் நுரைத்துக்கொண்டிருக்கும் வாளியைத் தேடி ஜீப் போகாது. அங்கே இருப்பது 'பொழுதுபோக்கு', சேரியில் இருப்பது 'ஊறல்'. இரண்டிலும் சர்க்கரையைத் தின்று சாராயமாக்குவது ஈஸ்ட்தான். அதற்குச் சாதி தெரியாது.

இந்தத் தொழிலின் குலதெய்வம் என்று சொல்லத்தக்கவர் கென் கிராஸ்மன் என்ற அமெரிக்கர். 1976இல் கலிபோர்னியாவின் சிக்கோ நகரில் இப்படியொரு கடையைத் திறந்தார். அப்போது அங்கே வீட்டில் பீர் தயாரிப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அதை மாற்றியது. இரண்டு பெரியவர்கள் உள்ள வீடு ஆண்டுக்கு 200 கேலன், ஏறத்தாழ 757 லிட்டர், வரியில்லாமல் தயாரித்துக்கொள்ளலாம். கிராஸ்மன் பிறகு சியரா நெவாடா பீர் ஆலையைத் தொடங்கிப் பெரும் செல்வரானார். சட்டத்துக்கு முந்தைய அந்த இரண்டு ஆண்டுகளை வைத்து அவரை யாரும் கள்ளச்சாராயக்காரர் என்பதில்லை. முன்னோடி என்கிறார்கள்.

நம் பனையேறிக்கு அந்தப் பட்டம் கிடைத்ததா? பனையேறும் சாதி என்று ஒதுக்கப்பட்ட மக்கள் 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக வழக்கைச் சந்தித்தார்கள். 1987 முதல் இங்கே கள் விற்கத் தடை. 2003 முதல் டாஸ்மாக் வழியாக அரசே பாட்டில் மதுவைச் சில்லறையில் விற்கிறது. கள்ளின் போதை ஏறத்தாழ பீர் அளவுதான். எல்லை தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படியே நடக்கிறது.

உடனே கள்ளக்குறிச்சியைக் காட்டுவார்கள். 2024 ஜூனில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால். அது தொழிற்சாலைச் சரக்கு. கள்ளிலோ பீரிலோ உயிரைக் குடிக்கும் அளவுக்கு அது ஊறி வருவதில்லை. அந்தச் சாவுகளைக் காட்டி அதே ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தில் தண்டனையைக் கூட்டினார்கள். குடியால் சீரழிந்த வீட்டுப் பெண்கள் கேட்கும் மதுவிலக்கு வேறு. அதை மதிக்கிறேன். அது டாஸ்மாக் வாசலிலிருந்து தொடங்கட்டும், குடிசையின் பானையிலிருந்து அல்ல.

நண்பரே, கடையைத் தாராளமாகத் திறங்கள். என் பணமும் வேண்டுமென்றால் கோப்பில் ஒரு பக்கம் சேர்த்து அனுப்புங்கள். பானைக்காக வழக்கு வாங்கியவர்களில், பனையேறிகளில், எத்தனை பேர் உங்கள் கடையில் பங்குதாரர்கள்? ஊற வைக்கும் பக்குவத்தை வாடிக்கையாளர்களுக்கு அவர்கள் சொல்லிக் கொடுத்தால் என்ன ஊதியம்? அவர்களுடைய வழக்குகளை நடத்தும் வழக்கறிஞருக்கு லாபத்தில் எவ்வளவு ஒதுக்குகிறீர்கள்?