தண்டனை அறிவிக்கும் நாளில் குடும்பம் கோர்ட்டுக்குப் போகணுமா? ஏன் போகணும்?

"தப்பு பண்ணினவன் அனுபவிக்கட்டும். நாம எதுக்கு கோர்ட் வாசல்ல போய் நிக்கணும்? ஊர் என்ன பேசும்?"

வீட்டில் ஒருவர் குற்ற வழக்கில் சிக்கினால் சொந்தக்காரர்கள் பலர் சொல்வது இதுதான். தளவாய்புரம் மாதிரியான ஊர்களில் இதோடு இன்னொரு கணக்கும் சேரும். நைட்டி தைத்துப் பீஸ் கணக்கில் கூலி வாங்கும் வீட்டில், ஒரு நாள் மெஷினை நிறுத்தினால் அன்றைய வருமானம் போச்சு. விருதுநகர் மாவட்ட முதன்மை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ராஜபாளையம் வழியாக அங்கே போய்வருவது சுலபமில்லைதான்.

ஆனாலும் மற்ற வாய்தாக்களை விட்டாலும், தண்டனை அறிவிக்கும் நாளை மட்டும் குடும்பம் விடக்கூடாது. பாசத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சட்டத்திலேயே அதற்குக் காரணம் இருக்கிறது.

தீர்ப்பு வேறு, தண்டனை வேறு

'குற்றவாளி' என்று சொன்னதுமே எல்லாம் முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறோம். செஷன்ஸ் வழக்குகளில் அப்படியில்லை. குற்றம் உறுதியானபின், எவ்வளவு தண்டனை என்பது பற்றிக் குற்றவாளி சொல்வதை நீதிபதி தனியாகக் கேட்க வேண்டும். 1973-ம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 235(2) இதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில், அதாவது பி.என்.எஸ்.எஸ்-ல், இது பிரிவு 258(2).

நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. தமிழ்நாடே பேசிய அருப்புக்கோட்டை கல்லூரி உதவிப் பேராசிரியை வழக்கில், ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் நீதிமன்றம் 2024 ஏப்ரல் 29-ல் அவரைக் குற்றவாளி என்றது. 10 ஆண்டு சிறைத் தண்டனையை அறிவித்தது மறுநாள், ஏப்ரல் 30-ல். இந்த இடைவெளி எல்லா வழக்கிலும் கிடைப்பதில்லை. சில வழக்குகளில் இரண்டும் ஒரே மதியத்தில் முடிந்துவிடும்.

அந்த நேரத்தில் "ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?" என்று நீதிபதி கேட்டால், கூண்டில் நிற்பவர் என்ன சொல்வார்? "தண்டனையைக் குறைச்சுக் குடுங்கய்யா" என்பதற்கு மேல் பலருக்கு வாய் வராது. மகளின் மாற்றுத்திறன் சான்றிதழ், அம்மாவின் டயாலிசிஸ் சீட்டு, முதலாளி தரும் வேலைக் கடிதம் எல்லாம் வீட்டில்தான் இருக்கும். அவற்றைக் கொண்டுவந்து வக்கீல் கையில் கொடுக்க வேண்டியது குடும்பம்தான்.

குடும்பம் வந்தால் என்ன மாறும்?

முதலாவது, நன்னடத்தை விடுவிப்பு. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்க முடியாத குற்றங்களில், தகுதியானவரைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விட 1958-ம் ஆண்டு சட்டம் இடம் தருகிறது. ஆனால் அவருக்கோ ஜாமீன்தாரருக்கோ நிலையான வீடோ, ஒழுங்கான வேலையோ இருக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கும். 'இவன் எங்க வீட்ல இருப்பான், நாங்க பார்த்துக்கறோம்' என்று சொல்ல ஆள் வேண்டும்.

இரண்டாவது, மேல்முறையீட்டுக்கான ஜாமீன். ஏற்கெனவே ஜாமீனில் இருப்பவருக்கு 3 ஆண்டுக்கு மிகாத சிறை விதிக்கப்பட்டு, மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொன்னால், தண்டனை விதித்த நீதிமன்றமே தற்காலிகமாக ஜாமீன் தரலாம். அதற்கும் பெரும்பாலும் ஜாமீன்தாரர்கள் தேவை. வீட்டு வரி ரசீதோடு ஆள் அங்கேயே நின்றால் அன்று மாலை வீடு திரும்பலாம். யாரும் வராவிட்டால் போலீஸ் வேனில் சிறைக்குத்தான் போக வேண்டும்.

மூன்றாவது, அதற்குப் பிந்தைய காலம். ராஜீவ் கொலை வழக்கில் 1998 ஜனவரி 28-ல் பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. அதில் பேரறிவாளனும் ஒருவர். கைதானபோது அவருக்கு வயது 19. அவருடைய அம்மா அற்புதம்மாள் சிறை, நீதிமன்றம், தலைமைச் செயலகம் என்று அலைந்துகொண்டே இருந்தார். 2014-ல் தூக்கு ஆயுளானது. 2022 மே 18-ல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்த வழக்கைப் பற்றி யாருக்கும் எந்தக் கருத்தும் இருக்கலாம். வெளியே ஒருவர் விடாமல் நின்றதால்தான் அந்தக் கோப்பு தூசி படியாமல் இருந்தது என்பதை மறுக்க முடியாது.

அப்போ பாதிக்கப்பட்டவர்?

இந்தக் கேள்வி நியாயமானது. கூட்டம் சேர்த்து, சாட்சிகளை முறைத்து, பாதிக்கப்பட்ட குடும்பத்தை மிரட்டுவது ஆதரவு ஆகாது. அது இன்னொரு குற்றம். கூட நிற்பதும் குற்றத்தை நியாயப்படுத்துவதும் ஒன்றல்ல. "நீ செஞ்சது தப்பு. தண்டனையை அனுபவி. ஆனா நாங்க இருக்கோம்" என்று ஓர் அப்பாவால் சொல்ல முடியும். சிறையிலிருந்து திரும்பி வருபவர் மறுபடி தப்புப் பண்ணாமல் இருக்க, போய்ச் சேர ஒரு வீடு வேண்டும். அது பாதிக்கப்பட்டவருக்கும் ஊருக்கும்கூட நல்லதுதான்.

யாருமே இல்லாதவருக்கு?

என் ஆதங்கம் இங்கேதான். குடும்பம் வந்தவருக்கு ஒரு நியாயம், வராதவருக்கு ஒரு நியாயம் என்று இருக்கக்கூடாது. தூக்கு தண்டனை வழக்குகளில் குற்றவாளியின் குடும்பப் பின்னணி, மனநலம், சிறை நடத்தை பற்றிய அறிக்கைகளை நீதிமன்றம் கேட்டுப் பெற வேண்டும் என்று 2022 மே மாதம் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஐந்து வருடச் சிறைக்கும் அந்த அக்கறை தேவை. தீர்ப்புக்கும் தண்டனைக்கும் நடுவே ஒரு நாளாவது இடைவெளி விடுவதையும், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்பதையும் வழக்கமாக்கினால், தனி ஆளுக்கும் பேச ஒரு காகிதமாவது இருக்கும்.

போகிறவர்கள் கவனத்துக்கு

* சான்றிதழ்களை முந்தின நாளே வக்கீலிடமோ குமாஸ்தாவிடமோ கொடுத்துவிடுங்கள். கோர்ட் ஹாலில் எழுந்து பேசாதீர்கள்.
* சிறைத் தண்டனை என்றால், தீர்ப்பின் நகல் இலவசமாகத் தரப்பட வேண்டும். கேட்டு வாங்குங்கள்.
* மேல்முறையீட்டுக் கெடு: செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். தூக்கு தண்டனை என்றால் உயர் நீதிமன்றத்துக்கும் 30 நாள்தான்.
* வக்கீலுக்குப் பணமில்லையா? காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு அழைக்கலாம்.

ஊர் நாலு நாள் பேசிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடும். கூண்டில் நிற்பவர் திரும்பிப் பார்க்கும்போது பின்பெஞ்சில் யார் இருந்தார்கள் என்பது அவருக்குக் கடைசிவரை மறக்காது. அந்த ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போங்கள்.