அடைபட்ட காற்றுத் துவாரம்

ஐப்பசி பிறந்ததும் இங்கிலாந்தில் தமிழர் வீடுகள் பலவற்றில் சுவரின் காற்றுத் துவாரத்தைப் பழந்துணியால் அடைத்துவிடுகிறார்கள். குளிர் நிற்கும். ஆனால் பழைய மாதிரி காஸ் பாய்லரோ ஹீட்டரோ உள்ள அறையில் இது ஆபத்து. காற்றுக் குறைந்தால் காஸ் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றும்.

வீட்டிலுள்ள அனைவருக்கும் ஒருசேரத் தலைவலி, தலைசுற்றல், குமட்டல். கோயிலில் இரண்டு மணி நேரம் இருந்தால் சுகம், வீடு திரும்பினால் மறுபடியும் தலைவலி! இதைக் கண்ணூறு என்று சுற்றிப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். காஸை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியேறி, உடனே மருத்துவரை நாட வேண்டும். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிவதும் கரி படிவதும் முன்னறிகுறிகள். ஆண்டுக்கொருமுறை பதிவு பெற்ற காஸ் எஞ்சினியர் பார்க்க வேண்டும். வாடகை வீடானால் அது சட்டப்படி வீட்டுக்காரரின் பொறுப்பு. கேட்கத்தான் பலர் கூசுகிறார்கள்.