கோமாளி மீன் குஞ்சும் நம்ம கன்னுக்குட்டியும்

கல்வராயன் மலையடிவாரத்துல மரவள்ளியும் கரும்பும் போடுறவன் கடல் மீனைப் பத்தி எழுதுறானேன்னு சிரிக்காதீங்க. வீட்டுல கோமாளி மீன் குஞ்சு பொரிக்க வெச்சு, கலர் மீன் வளர்க்கிறவங்களுக்கு வித்தா காசு கொட்டும்னு சொல்ற வீடியோ நம்ம ஊர் செல்போனுக்கும் வந்துடுச்சு. எங்க அக்கா மகன் நகையை அடகு வெச்சாவது ஆரம்பிக்கணும்னு நிக்கிறான். அதனாலதான் நானும் படிச்சு, விசாரிச்சுப் பாத்தேன்.

தொழில் பொய்யில்லை. மண்டபத்துல இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இந்த மீனைத் தொட்டியிலேயே முட்டை வைக்க வெச்சு வளர்த்துக் காட்டியிருக்கு, பயிற்சியும் கொடுத்திருக்கு. முட்டை போட்டு ஏழெட்டு நாள்ல, இருட்டின பிறகு குஞ்சு பொரியும். அதுவரைக்கும் விசிறிக் காவல் காக்கிறது பெரும்பாலும் அப்பன் மீனாம்!

சிக்கல் தீவனத்துல இருக்கு. பொரிச்ச குஞ்சு எள்ளு நீளம்தான். தூள் தீவனம் தொடாது. ரோட்டிஃபர்னு ஒரு நுண்ணிய உயிர், அது தண்ணியில உயிரோட நீந்தினாதான் தின்னும். அந்த ரோட்டிஃபருக்குப் பச்சைப் பாசி வளர்க்கணும். ஆக ஒரு மீனுக்கு மூணு வெள்ளாமை. பாசி கெட்டா மத்த ரெண்டும் போச்சு. தண்ணி கணக்கும் பாருங்க. கடல் தண்ணியில லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. 1000 லிட்டருக்கு 35 கிலோ, அதுவும் சமையல் உப்பு ஆகாது, கடல் மீனுக்குன்னே விக்கிற உப்பு. மண்டபத்துக்காரருக்கு வாசல்லயே கடல், நமக்குக் கோமுகி அணை. மலையடிவாரத்துல ராத்திரி கரண்டு போனா காத்து மோட்டாரும் நிக்கும்.

அதனால அவனுக்கு என் யோசனை, முதல்ல கப்பி, மோலி. நல்ல தண்ணி மீன், குட்டியே போடும், ஒரு சிமெண்ட் தொட்டி போதும். சென்னை கொளத்தூர் கலர் மீன் சந்தையில அதுக்கும் ஆளு இருக்கு. ரெண்டு வருஷம் அதுல கை பழகட்டும்.

கோமாளி மீனை ஏற்கனவே வளர்த்து விக்கிறவங்களுக்கு ஒண்ணு. ரெண்டு வாரத்துல வெள்ளை வரி தெரிய ஆரம்பிச்சதும் அழகா இருக்கேன்னு வித்துடாதீங்க. புல்லு கடிக்காத கன்னைச் சந்தைக்கு ஓட்டுறவனை ஊரு என்ன பேசும்? ரெண்டு மூணு மாசம் வெச்சு, ஒரு அங்குலம் வந்து, காஞ்ச தீவனம் தின்னப் பழகின பிறகு கொடுங்க. பஸ்ல அனுப்புறதா இருந்தா முந்தின நாள் பட்டினி போட்டு, ஆக்சிஜன் அடிச்சுக் கட்டுங்க. இல்லேன்னா பைத்தண்ணி நாறிடும்.

இதுல ஒரு வேடிக்கை, வரி கோணலா விழுந்த குஞ்சுக்குத் தனிப் பேரு வெச்சு அதிக விலை வைக்கிறாங்க. என் கத்தரிக்காய் கோணினா வியாபாரி கூடையை விட்டே தள்ளுறான்!

வாங்குறவங்களுக்கும் சொல்லணும். கடல்ல பிடிச்ச மீன் மலிவா கிடைக்குதேன்னு வளர்த்தவங்ககிட்ட பேரம் பேசாதீங்க. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் பவளப்பாறையில சயனைடு தெளிச்சு மயக்கிக் கலர் மீன் பிடிச்ச கதையெல்லாம் உண்டு. வீட்டுல பொரிச்ச குஞ்சு தொட்டியிலயே பிறந்தது, மனுஷன் போடுற தீனிக்குப் பழகினது. பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி, "என் கண்ணு முன்னால ஒரு வாய் தீனி போடுங்க"ன்னு கேளுங்க. ஓடி வந்து தின்னா, சொன்ன விலையைக் கொடுத்துடுங்க.