தாய்க்கு மட்டுமா தராசு?

திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் பல ஆண்டுகளாக நாம் கேட்டுவந்த வினாக்கள் இரண்டு. மணமகனை நோக்கி, "தம்பி, என்ன வேலை பார்க்கிறாய்?" என்போம். மணமகளை நோக்கி, "கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவாயாம்மா? பிள்ளை பிறந்தால் என்ன செய்வாய்?" என்போம். இவ்விரு வினாக்களுக்கும் இடையே கிடந்த அநீதி நம் கண்ணில் படவே இல்லை. செவிலியராகப் பணிபுரியும் பெண் ஒருத்தி ஒருநாள் எழுந்து, "சாமி, பிள்ளை பிறந்தால் என்ன செய்வாய் என்று இவரிடமும் கேளுங்களேன்" என்றாள். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆயினும் அவளுக்குக் கொடுக்க நம்மிடம் விடை இல்லை. தாமதமாக வந்த அவ்விடையையே ஈண்டு எழுத முற்படுகின்றோம்.

"தாய்மையா, பணியா?" என்னும் வினாவுக்கு இரு திசைகளிலிருந்து உரத்த விடைகள் வருகின்றன. தாய்மை பெண்ணைப் பிணிக்கும் விலங்கு என்பது ஒரு விடை. பெண்ணியம் குடும்பத்தைக் குலைக்க வந்த கேடு என்பது மற்றொரு விடை. முன்னதை மேடைகளில் கேட்கின்றோம். பின்னதை நம் ஆலயப் பீடங்களிலிருந்தே கேட்கின்றோம். இரண்டும் பகை போலத் தோன்றினும் ஒரே பிழையில் பிறந்த உடன்பிறப்புகள். பிள்ளை வளர்ப்பு பெண் ஒருத்தியின் கடமை என்பதே அப்பிழை.

முதல் அணியின் சினத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். 1930-களில் 'குடிஅரசு' ஏட்டில் பெரியார், பெண் விடுதலைக்குப் பிள்ளைப்பேறே தடை என்று வாதிட்டார். குழந்தை மணமும், ஓயாத பிள்ளைப்பேறும், அதனால் நேர்ந்த சாவுகளும் மலிந்திருந்த காலம் அது. பிரான்சு நாட்டின் சிமோன் தெ போவுவார் 1949-ல் 'இரண்டாம் பால்' என்னும் நூலில் தாய்மை பெண்ணைக் கட்டிப்போடும் வகைகளை விரித்துரைத்தார். 1956-ல் திருச்சபை அந்நூலைத் தடை செய்யப்பட்ட நூற்பட்டியலில் சேர்த்தது. நூலைத் தடுத்தோம்; அது எழுப்பிய வினாவைத் தடுக்க முடிந்ததா?

எனினும் அவர்கள் சொன்ன மருந்தை நாம் ஏற்பதற்கில்லை. தாய்மையைத் துறந்தால் விடுதலை என்போர், ஆண் தன் வாழ்வில் ஒரு துரும்பையும் அசைக்க வேண்டாம் என விட்டுவிடுகின்றனர். மாற வேண்டியது பெண்ணின் உடலாம். தொழிற்கூடத்தின் கடிகாரம் அன்றாம்! இதன் முடிவு என்ன? அமெரிக்காவின் ஃபேஸ்புக், ஆப்பிள் நிறுவனங்கள் தம் பெண் ஊழியர்கள் கருமுட்டைகளை உறைய வைத்துக்கொள்ளும் செலவை ஏற்க முன்வந்ததாக 2014-ல் செய்தி வெளியாயிற்று. பணியிடத்தில் தொட்டிலுக்கு இடம் தேடுவதைவிடக் கருப்பையைக் காத்திருக்கச் சொல்வது முதலாளிக்கு எளிது. இதற்குப் பெயர் விடுதலை எனின், அடிமைத்தனத்துக்கு வேறு பெயர் தேட வேண்டும்.

இனி நம் அணிக்கு வருவோம். வேலைக்குச் செல்லும் தாயைப் பழிப்பதற்கு விவிலியத்தைத் துணைக்கழைப்போர் நீதிமொழிகள் நூலின் 31-ஆம் அதிகாரத்தைப் படிக்கட்டும். அங்குப் போற்றப்படும் பெண் நிலத்தைப் பார்த்து வாங்குகிறாள். தன் வருவாயில் திராட்சைத் தோட்டம் அமைக்கிறாள். துணி நெய்து விற்கிறாள். அவளை வாழ்த்துவோர் அவளுடைய பிள்ளைகளே. திருத்தூதர் பவுலை வரவேற்று உபசரித்த லீதியா செந்நிற ஆடை வணிகம் செய்தவர். பிரிஸ்கில்லா கணவருடன் கூடாரம் செய்து பிழைத்தவர்.

புனிதர்களையும் நாம் பாதியே அறிந்திருக்கின்றோம். புனித ஜியன்னா மொல்லாவைப் பற்றி மறையுரை ஆற்றும் போதெல்லாம், வயிற்றுப் பிள்ளைக்காகத் தம் உயிரை ஈந்த தாய் என்கின்றோம், உண்மையே. ஆனால் 1950-ல் மெசெரோவில் மருத்துவமனை திறந்தவர், 1955-ல் மணம் புரிந்து தாயான பின்னும் மருத்துவப் பணியைத் தொடர்ந்தவர் என்பதைச் சொல்லாமல் விடுகின்றோம். 2015-ல் கணவரோடு சேர்ந்து புனிதராக உயர்த்தப்பட்ட செலி மார்ட்டின், குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் தாய். அலான்சோன் நகரில் பின்னல் சரிகைத் தொழில் நடத்தியவர். அத்தொழில் பெருகியபோது, 1870-ல் தம் கடிகாரக் கடையை விற்று மனைவியின் தொழிலுக்குத் துணை நின்றவர் கணவர் லூயி. இதை எத்தனை மணமகன்களுக்கு நாம் எடுத்துரைத்திருக்கின்றோம்?

நம் மண்ணையே பாருங்கள். மீன் கூடையைத் தலையில் சுமந்து ஊர் ஊராய் நடந்த கடற்கரை அன்னையரிடம், "தாய்மையா, பணியா?" என்று எவரேனும் கேட்டதுண்டா? வரப்பு மரத்தில் தூளி கட்டிவிட்டு நாற்று நட்டவளிடம் கேட்டதுண்டா? பீடி சுற்றியவளிடம்? அவள் உழைப்பு நம் உலையில் அரிசியாக வெந்தவரை நமக்கு இறையியல் ஐயம் எதுவும் எழவில்லை. அவள் மகள் படித்து, நாற்காலியில் அமர்ந்து, தன் பெயரில் சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகே குடும்பத்தைப் பற்றிய கவலை நமக்குப் பிறந்தது!

திருச்சபையின் படிப்பினை இருபக்கமும் கூர்மையானது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், உழைப்பைப் பற்றி 1981-ல் எழுதிய சுற்றுமடலில், வறுமையின் நெருக்குதலால் தாய் பிள்ளையைப் பிரிந்து வேலைக்கு ஓடும் நிலை கூடாது என்றார். குடும்பம் முழுவதையும் தாங்கும் ஊதியம் வேண்டும் என்றார். அதே பகுதியில், பணிபுரியும் பெண் பாகுபாட்டுக்கு உள்ளாகாமல் இருக்கவேண்டும் என்றும் கூறினார். முன்பாதியை மட்டும் படிப்போர் திருச்சபையின் பெயரால் பேசத் தகுதியற்றோர். பெண் விடுதலையே இன்றைய சிக்கல்களுக்குக் காரணம் என்னும் வாதம் செல்லாது என்று 2016-ல் 'அன்பின் மகிழ்ச்சி' மடலில் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதினார். தாய்மையை மறுக்கும் பெண்ணியத்தை அவர் ஏற்கவில்லை என்பதும் அதே மடலில் உண்டு.

"குழந்தைக்குத் தாய் வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். ஆறு மாதம் தாய்ப்பால் அன்றி வேறு எதுவும் வேண்டாம் என்பது மருத்துவம். அதனாலன்றோ 2017-ல் நம் நாட்டில் பேறுகால விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தப்பட்டது. 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது! ஆறு மாதத்திற்குப் பிறகு அக்குழந்தைக்குத் தந்தை வேண்டாமா? நடுவண் அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்காக 2019-ல் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டாள். ஆண் 97 நிமிடம் செலவிட்டான். 2024-ல் பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. அவள் சுமை 10 நிமிடம் குறைந்தது. அவனும் தன் பங்கில் 9 நிமிடத்தைக் குறைத்துக்கொண்டான்! 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் 1965-ஆம் ஆண்டுச் சங்க ஏடு, பிள்ளைகளின் உருவாக்கத்திற்குத் தந்தையின் உடனிருப்பு பெரிதும் பயன்படும் என்கிறது. உடனிருப்பு என்பது சம்பளத்தைக் கொண்டுவந்து நீட்டுவது மட்டுமன்று.

வீட்டில் இருந்து பிள்ளைகளை வளர்க்கத் தாமே விரும்பித் துணிந்த தாய்மாரை நாம் தாழ்த்தவில்லை. "உன் மனைவி என்ன செய்கிறாள்?" என்றால் "வீட்டில் சும்மா இருக்கிறாள்" என்று விடையிறுக்கும் கணவனே அவர்களைத் தாழ்த்துகிறான். எந்தப் பெண்ணியவாதியும் அவ்வளவு கொடிய சொல்லைச் சொன்னதில்லை.

இறுதியாக, நம் வீட்டுக் குப்பையையும் கிளறுவோம். நாம் அறிந்த கத்தோலிக்கப் பள்ளி ஒன்றில், தொகுப்பூதியத்தில் இருந்த ஆசிரியை கருவுற்றபோது, வேலையை விட்டுவிட்டு, பிறகு புதிதாக விண்ணப்பிக்கும்படி சொல்லப்பட்டது. அவர் கண்ணீரோடு நம்மிடம் வந்தார். "செபியுங்கள் அம்மா" என்று சொல்லி அனுப்பினோம். தாளாளரிடம் ஒரு சொல் பேசவில்லை. அடுத்த ஞாயிறு அதே பீடத்தில் நின்று உயிரின் மாண்பைப் பற்றி மறையுரை ஆற்றினோம். கருவைக் காக்கும் மறை, கருவைச் சுமந்தவளின் வேலையைக் காக்கவில்லை எனில், நம் போதனையை யார் நம்புவர்?

ஆகவே நாம் கேட்பவை சிலவே. நம் நிறுவனங்களில் பேறுகாலம் எந்தப் பெண்ணின் வேலையையும் பறிக்கலாகாது. பங்கு மன்றங்கள் பூட்டிக்கிடக்கும் வேலை நாள்களில் அங்கே குழந்தைகள் காப்பகம் நடக்கட்டும். அன்பியக் கூட்டங்களில் அடுக்களை வேலையைப் பற்றி ஆண்களும் பேசட்டும்.

அடுத்த மாதம் மீண்டும் திருமணத் தயாரிப்பு வகுப்பு உள்ளது. "பிள்ளை பிறந்தால் என்ன செய்வாய்?" என்னும் வினா இம்முறையும் கேட்கப்படும். முதலில் மணமகனிடம் கேட்போம். அவன் விடை சொல்லும்வரை காத்திருப்போம்.