வானத் தூரமும் வழித் தூரமும்

புத்தளத்திலிருந்து மன்னாருக்கு எவ்வளவு தூரம்? வானத்தில் நேர்கோடிட்டால் ஏறத்தாழ 105 கிலோமீற்றர். சிறு விமானமொன்று அரைமணி நேரத்தில் கடந்துவிடும். ஆனால், நெல் மூட்டையும் மீன் கூடையும் விமானத்தில் ஏறுவதில்லை.

எலுவன்குளத்தில் கலா ஓயாவைக் கடந்து வில்பத்துக் காட்டினூடே செல்லும் பழைய பாதை, அந்த நேர்கோட்டை ஒட்டியே செல்கின்றது. ஆறு பெருகினாலோ பாதை மூடப்பட்டாலோ, அனுராதபுரம், மதவாச்சி எனச் சுற்றி ஏறத்தாழ 180 கிலோமீற்றர் செல்ல வேண்டும். 1990இல் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்தில் தஞ்சம் புகுந்த முஸ்லிம் மக்கள், தம் சொந்த வயலைச் சென்று பார்ப்பதற்கும் இச்சுற்றுவழியே கதியாகின்றது.

காட்டைக் காக்க 2010இல் உயர் நீதிமன்றம் சென்றோரின் கவலையை நாம் புறக்கணிக்கவில்லை. காடு நாட்டின் பொதுச்சொத்து. அவ்வாறாயின், அதைக் காக்கும் செலவும் நாட்டின் பொதுச்செலவேயன்றோ? அதனை ஏழை உழவனின் மடியிலிருந்து மட்டும் பறிப்பது எவ்வகை நீதி?

ஆகவே அரசினரை நாம் கேட்பது இரண்டே: சுற்றுவழியில் நேரடிப் பேருந்துகளைப் பெருக்குக, நேர்வழித் தூரத்திற்கு மட்டுமே கட்டணம் பெறுக. எஞ்சிய தூரத்தின் செலவை அரசே ஏற்கட்டும்!