வெல்பவரை முன்பே எழுதிவைத்த சண்டை: லாஸ் வேகாஸ் 'றெஸ்ல்மேனியா'வை மட்டக்களப்பிலிருந்து கணித்தல்

சித்திரைப் புத்தாண்டுப் பலகாரம் தீர்ந்துகொண்டிருக்கும் இந்த வாரத்தில் எங்கள் வீட்டில் இரண்டு கேள்விகள் ஓடுகின்றன. 21ஆம் திகதிக்கு முன்னர் ஜனாதிபதி என்ன சொல்லப்போகிறார் என்பது பெரியவர்களின் கேள்வி. ஜோன் சீனா வெல்வாரா என்பது அக்காவின் பதினான்கு வயது மகனின் கேள்வி. இரண்டாவது கேள்விக்குத்தான் என்னால் ஓரளவு துணிந்து பதில் சொல்ல முடியும். ஆகவே அதைப் பற்றி எழுதுகிறேன். முதலாவதும் இடையில் வரத்தான் செய்யும்.

டபிள்யூ.டபிள்யூ.ஈ. நிறுவனத்தின் 41ஆவது 'றெஸ்ல்மேனியா' ஏப்ரல் 19, 20ஆம் திகதிகளில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் அலீஜியன்ற் அரங்கில் நடக்கிறது. அங்கே சனி, ஞாயிறு மாலைகள். எங்கள் நேரப்படி முதலாம் நாள் நிகழ்ச்சி 20ஆம் திகதி ஞாயிறு அதிகாலை நாலரைக்குத் தொடங்கும். அது உயிர்த்த ஞாயிறு. இரண்டாம் நாள் நிகழ்ச்சி 21ஆம் திகதி திங்கள் அதிகாலை நாலரைக்கு. சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து அன்றோடு ஆறு வருடம். லாஸ் வேகாஸில் இதை யாரும் யோசித்துத் திகதி வைக்கவில்லை. ஆனால் இந்த வாவிக்கரையில் அந்த இரண்டு விடியல்களிலும் எழும்புகிற பிள்ளைகளுக்கும் அவர்களின் தாய்மாருக்கும் அது வேறு கணக்கு.

அக்கா கேட்டார்: "ஆர் வெல்லுறதெண்டு முதலே எழுதி வச்சிருக்கெண்டா, மறுகா என்னத்துக்கு விடியச்சாமத்துல எழும்பிப் பார்க்கிற?"

நியாயமான கேள்வி. ஆனால் இதே அக்கா கூத்துக் களரியில் விடிய விடிய இருந்தவர். அபிமன்யு சாவான் என்று தெரியாமலா அங்கே பாயை விரித்துக்கொண்டு போனோம்? அண்ணாவியாரின் கொப்பியில் எல்லாம் எழுதித்தான் இருக்கிறது. எப்படி ஆடுகிறான், எந்த இடத்தில் தளர்கிறான் என்பதைப் பார்க்கத்தான் போனோம். எங்கள் ஊர்களில் இதற்கு நேர் எதிரான ஒன்றும் இருந்தது. கண்ணகி வழிபாட்டோடு வந்த கொம்புமுறி. வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து கொம்பை இழுக்கும். எந்தக் கொம்பு முறியும் என்று யாருக்கும் தெரியாது. முறிந்த பக்கத்தை மற்றப் பக்கம் பாட்டாலேயே நாறடிக்கும். றெஸ்லிங் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கூத்தைப் போல முடிவு எழுதப்பட்டிருக்கிறது. கொம்புமுறியைப் போல அது எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் கணிக்க ஆசை வருகிறது.

இது எழுதப்பட்ட முடிவுதான் என்பதை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. 1989இல் நியூ ஜெர்சி மாநில செனட்டில், தாங்கள் நடத்துவது உண்மையான விளையாட்டுப் போட்டி அல்ல, கேளிக்கை என்று சொன்னார்கள். விளையாட்டு ஆணைக்குழுவின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் விடுபட அது வழி. ஆக, உண்மையைச் சொல்வதிலும் ஒரு இலாபம் இருந்தது. எங்கள் தலைமுறைக்கு அந்தச் செய்தி பல வருடம் வந்து சேரவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு கரையில் ஒரு ஆட்சியும் மறுகரையில் இன்னொரு ஆட்சியுமாக இருந்த காலத்தில், படுவான்கரையிலிருந்து வரும் மச்சானுக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது உயரமும் நிறையும் அச்சடித்த றெஸ்லிங் காட்கள்தான். அவர்கள் ஊரில் கரண்ட் இல்லை, ரிவி இல்லை. ஆனாலும் அண்டர்டேக்கரைப் பற்றி அவனுக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருந்தது. அண்டர்டேக்கர் செத்துப் பிழைத்தவர் என்று இருவரும் மனதார நம்பினோம். அம்மப்பா மட்டும் தாராசிங், கிங்காங் கதையைச் சொல்லி, "அதுதான் மல்யுத்தம், இது படம்" என்பார். 1968இல் பம்பாயில் லூ தெஸ்ஸைத் தாராசிங் வென்றதையும் அந்தக் காலத்துச் சனம் இப்படித்தான் சத்தியம் பண்ணி நம்பியிருக்கும்.

எழுதப்பட்ட சண்டையைக் கணிக்கிறவன் யார் பலசாலி என்று கேட்டால் தோற்பான். நான் கேட்பது வேறு: மறுநாள் காலையில் யார் பெல்ட்டோடு நின்றால் கம்பனிக்குச் சொல்ல அதிகம் கதை மிஞ்சும்? டபிள்யூ.டபிள்யூ.ஈ. இப்போது பங்குச் சந்தையில் உள்ள ரி.கே.ஓ. குழுமத்தின் ஒரு பகுதி. வாராந்த 'றோ' நிகழ்ச்சியை 10 வருடத்துக்கு 500 கோடி டொலருக்கு மேல் கொடுத்து நெட்ஃபிளிக்ஸ் வாங்கியிருக்கிறது. அது ஜனவரியில் தொடங்கிவிட்டது. கதையை எழுதும் பிரிவுக்குத் தலைவர் முன்னாள் வீரரான திரிப்பிள் எச். ஞாயிறு யார் வெல்கிறார் என்பதை விட, அடுத்த நாற்பது வாரம் எதை விற்பது என்பதே அவருடைய தலையிடி.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பெரிய மோதலுக்கு வருவோம். கோடி றோட்ஸ் சம்பியன். எதிரே ஜோன் சீனா. இருபது வருடத்துக்கு மேல் நல்லவராகவே நின்ற சீனா, மார்ச் 1ஆம் திகதி ரொறன்ரோவில் றொக்கின் சைகையைப் பார்த்து, கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த கோடியையே அடித்து விழுத்தினார். மருமகன் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அவனைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. கூட நின்றவர் மாறி அடிப்பதைப் பார்க்கும் வலி எழுதிக்கொடுத்த கதையில் வந்தாலும் வலிதான். 2004க்குப் பிறகு வளர்ந்த கிழக்குப் பிள்ளைகளுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சீனாவிடம் 16 பட்டங்கள். றிக் ஃபிளேயரும் 16. பதினேழாவது கிடைத்தால் அவர் தனி ஆள். 2025 தன்னுடைய கடைசி வருடம் என்று போன ஜூலையிலேயே அறிவித்துவிட்டார். இப்போது பெல்ட்டை எடுத்துக்கொண்டு ஓய்வு பெற்று, இந்தத் தொழிலையே நாசமாக்குவேன் என்கிறார். தோற்றால் அந்த மிரட்டல் ஒரே இரவில் செத்துவிடும். வென்றால் டிசம்பர் வரை ஒவ்வொரு ஊரிலும் 'அவரிடமிருந்து யார் பறிப்பார்' என்ற ஒரே கேள்வியை விற்கலாம். கோடிக்கோ தோல்வி நட்டமில்லை. 1,316 நாள் சம்பியனாக இருந்த றோமன் றெய்ன்ஸை வென்று போன வருடம் அவர் கதையை முடித்துவிட்டார். நல்லவருக்கு இப்போது தேவை புதிய காயம். ஆகவே சீனா வெல்வார், நேர்மையாக அல்ல. கோடி வருடம் முடிவதற்குள் திரும்ப எடுப்பார்.

முதலாம் நாளின் கடைசி மோதல்தான் எனக்கு உண்மையில் சுவையானது. றோமன் றெய்ன்ஸ், சேத் றொலின்ஸ், சி.எம். பங்க். மூவருக்கும் ஒருவரோடொருவர் பழைய கணக்கு இருக்கிறது. 2014 ஜூனில் றொலின்ஸ் கதிரையால் தன் கூட்டாளி றெய்ன்ஸின் முதுகில் அடித்த காட்சியை இன்றும் காட்டுகிறார்கள். றெஸ்ல்மேனியாவின் கடைசி மோதலில் தனக்கு இடம் தரவில்லை என்ற ஆத்திரமும் சேர்ந்துதான் பங்க் அதே 2014இல் கம்பனியை விட்டுப் போனார். பதினொரு வருடத்துக்குப் பிறகு இப்போது அந்த இடம் கிடைத்திருக்கிறது. இத்தனை வருடம் றெய்ன்ஸின் ஆலோசகராக இருந்த போல் ஹேமன், கடனைத் தீர்ப்பதற்காக இந்த ஒரு நாள் பங்க்கின் மூலையில் நிற்கப்போகிறார். இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்த ஆலோசகர் இருவரில் ஒருவரையாவது விற்பார் என்பதை மட்டக்களப்பு அரசியலைப் பார்த்து வளர்ந்த எவரும் சொல்வார்கள். என்னுடைய சந்தேகம், இருவரையும் விற்பார் என்பது. அதனால் பென்சிலால் றொலின்ஸ் என்று எழுதியிருக்கிறேன். மருமகன் பேனையால் றெய்ன்ஸ் என்று எழுதியிருக்கிறான்.

மற்றவை சுருக்கமாக. குந்தரை ஜே ஊசோ வெல்வார். பலத்தில் குந்தர்தான் மேல், ஆனால் அரங்கமே சேர்ந்து கத்துகிற ஒருவரை இந்த மேடையில் தோற்கடித்தால் சனம் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகும். லோகன் போல், ஏ.ஜே. ஸ்ரைல்ஸை வெல்வார். எனக்கு விருப்பமில்லை, ஆனால் விருப்பம் வேறு கணிப்பு வேறு. அமெரிக்க சம்பியன் பட்டம் எல்.ஏ. நைற்றிடமிருந்து ஜேக்கப் ஃபாட்டுவிடம் போகும். நால்வர் மோதும் இன்ரர்கொன்ரினென்ரல் பட்டம் பிறோன் பிறேக்கரிடமே இருக்கும். பெண்கள் மும்முனை மோதலில் இயோ ஸ்கை சம்பியனாக இருந்தாலும் றியா றிப்லிக்குத்தான் சனத்தின் குரல் என்பதால் அவரைப் போட்டிருக்கிறேன். இந்தக் கடைசி இரண்டிலும் எனக்கே முழு நம்பிக்கை இல்லை. றன்டி ஓர்ட்டனின் எதிராளி கெவின் ஓவன்ஸ் கழுத்துக் காயத்தால் விலகிவிட்டார். அந்தக் காயம் கொப்பியில் எழுதியது அல்ல. எழுதுகிறவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் கழுத்தெலும்பு அவர்களுடைய வசனத்தைக் கேட்பதில்லை.

ரிஃபனி ஸ்ட்ராற்றனும் ஷார்லற் ஃபிளேயரும் மோதுவது தனிக்கதை. ஏப்ரல் 4ஆம் திகதி நேரலையில் இருவரும் எழுதிக்கொடுத்ததை விட்டு விலகி, ஒருவரின் சொந்த வாழ்க்கையை மற்றவர் இழுத்துப் பேசிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. உண்மையாகவே விலகினார்களா, விலகுவது போலவும் எழுதிக்கொடுத்தார்களா? ஊடகக் கல்வியில் நான்கு வருடம் படித்த நான் பத்துத் தடவை அந்தத் துண்டைப் போட்டுப் பார்த்தேன். பிடிபடவில்லை. ஸ்ட்ராற்றன் வெல்வார் என்று வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் ஒழுங்கையில் பையன்கள் இதற்குப் பந்தயம் கட்டுகிறார்கள். ரீலோட் காசு, கொத்துரொட்டி அளவில் இருக்கும் வரை நானும் சிரித்துக்கொண்டு போவேன். ஆனால் தொலைபேசியில் வெளிநாட்டுப் பந்தயத் தளங்களைத் திறப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிரிக்கெட்டில் முடிவைத் தெரிந்து பந்தயம் கட்டுவது குற்றம். இங்கே முடிவைத் தெரிந்தவர்கள் இருப்பதுதான் ஆட்டத்தின் ஒழுங்கு. எழுதுபவர், வீரர், நடுவர், கமெராக்காரர் என்று பலருக்குத் தெரியும். கடைசி மணித்தியாலங்களில் விலை ஒரு பக்கமாகச் சரிவது அதனால்தான். கொலராடோ மாநிலம் இதற்குச் சட்டபூர்வப் பந்தயத்தை அனுமதிக்கலாமா என்ற பேச்சு 2023இல் எழுந்தபோது அங்கேயும் மறுத்துவிட்டார்கள். கொப்பியை வைத்திருப்பவனோடு சூதாடக்கூடாது.

நடுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். றெஸ்லிங்கில் நடுவர் கம்பனியின் ஊழியர். காதிலே கருவி இருக்கும், நேரம் போதாது, முடி என்று உத்தரவு வரும். 1997 நவம்பரில் மொன்றியலில், பிறெற் ஹார்ட் சரணடையாமலே மணியை அடிக்கச் சொல்லிப் பட்டத்தைப் பறித்தார்கள். தன்னிடம் சொல்லப்பட்ட முடிவு ஒன்று, நடந்த முடிவு இன்னொன்று என்பது மேடையில் வைத்துத்தான் அவருக்கே தெரிந்தது.

விசாரணை ஆணைக்குழு என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் சனம் கொட்டாவி விடுவது ஏன் என்று கொழும்பு நண்பர் ஒருவர் கேட்டபோது, நான் இந்த நடுவரைத்தான் உதாரணம் காட்டினேன். உடலாகம ஆணைக்குழு 2006இல் அமைக்கப்பட்டது, அறிக்கை 2015இல்தான் பாராளுமன்றத்துக்கு வந்தது. இடையில் நல்லிணக்க ஆணைக்குழு, பரணகம ஆணைக்குழு. உயிர்த்த ஞாயிறு தாக்குதல் குறித்த ஆணைக்குழுவின் அறிக்கை 2021 பெப்ரவரியில் அன்றைய ஜனாதிபதியிடம் கொடுக்கப்பட்டது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை இங்கே யாரும் முன்கூட்டிக் கணித்திருக்கவில்லை. போன நவம்பர் பொதுத் தேர்தலில் 22 மாவட்டங்களில் 21ஐ தேசிய மக்கள் சக்தி எடுக்க, மட்டக்களப்பு மட்டும் தமிழரசுக் கட்சிக்கு முதலிடம் கொடுத்ததையும் பலர் கணிக்கவில்லை. எல்லாமே எழுதிவைத்தது என்று சொல்லிவிட்டுச் சாய்ந்து இருப்பதும் ஒரு வகைச் சோம்பல்தான். எங்கள் ஊரில் அந்தச் சோம்பலுக்கு நியாயமான காரணங்கள் உண்டு, அவ்வளவே.

21ஆம் திகதிக்கு முன்னர் சில விடயங்கள் வெளிவரும் என்று ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க சொல்லியிருக்கிறார். கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பேராசிரியர் ரவீந்திரநாத் 2006 டிசம்பர் 15ஆம் திகதி கொழும்பில் காணாமல்போனது தொடர்பில், கிழக்கின் முன்னாள் முதலமைச்சர் சிவநேசதுரை சந்திரகாந்தன் இந்த மாதம் 8ஆம் திகதி கைதுசெய்யப்பட்டிருக்கிறார். மே 6இல் உள்ளூராட்சித் தேர்தல். இந்த மூன்றையும் ஒரு கோட்டில் வைத்து 'இது இப்படித்தான் முடியும்' என்று தேநீர்க் கடையில் அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். என்னிடமும் கேட்டார்கள். சீனாவைச் சொன்னேன், மற்றதைச் சொல்லவில்லை. அங்கே விழுந்தவர் மணி அடித்த பிறகு எழும்பி நடந்து போகிறார்.

மருமகனின் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் இருவருடைய கணிப்பும் எழுதிக் கையெழுத்தாகிவிட்டது. தோற்பவர் கல்லடியில் கொத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். ஞாயிறு அதிகாலை அவன் பார்க்கலாம், ஆனால் ஆராதனைக்கு வெளிக்கிடும் நேரம் எங்கே நின்றாலும் நிற்பாட்ட வேண்டும் என்பது அக்காவின் நிபந்தனை. றெய்ன்ஸா றொலின்ஸா என்பது பெரும்பாலும் அவனுக்குப் பிறகுதான் தெரியவரும்.

திங்கட்கிழமை கோடியும் சீனாவும் மேடைக்கு வரும்போது இங்கே காலை எட்டு மணி கடந்திருக்கும். 2019இல் முதல் குண்டு வெடித்த எட்டே முக்காலுக்கு மௌன அஞ்சலி. அந்த நேரம் நான் சீயோன் வாசலில் நிற்பேன். யார் வென்றது என்பதை மருமகன்தான் வந்து சொல்லவேண்டும்.